ஆறாயிரத்தைத் தேடுறீங்க சரி, இஎஸ்ஐ பணத்தை ஏன்மா விட்டீங்க?

கேள்வி: வணக்கம் சிஸ்டர். எனக்கு 24 வயசு, பொறந்த ஊரு தர்மபுரி பக்கம், கட்டிக் கொடுத்தது திருப்பூர். பனியன் கம்பெனில டெய்லரா மூணு வருஷம் வேலை பார்த்தேன், ஏழாம் மாசத்தோட நின்னுட்டேன். வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்குப் போயிட்டேன், அங்க கவர்மெண்ட் ஆஸ்பத்திரிலதான் நார்மல் டெலிவரி, பொண்ணு, இப்ப அஞ்சு மாசம். முத்துலட்சுமி ரெட்டி பணம் மாசமா இருக்கும்போது 6,000 வந்துச்சு, அதை வீட்டுக்காரர் வண்டி டியூ கட்டிட்டார். குழந்தை பொறந்து வர வேண்டிய 6,000 இன்னும் வரல. ஊசியெல்லாம் அம்மா ஊர்லயே போட்டாச்சு. நடுவுல புது சிம் வாங்கினப்ப கைரேகை வச்சேன், அதுலயும் ஏதோ அக்கவுண்ட் ஓப்பன் ஆகியிருக்குன்னு சொன்னாங்க. மாமியார் இந்தக் காசுக்கா இப்படி அலையுறேன்னு கேக்குறாங்க. எங்க போய்க் கேக்கணும்? கம்பெனில மாசாமாசம் இஎஸ்ஐ பிடிச்சாங்க, அதுல ஏதாவது வருமா? பொண்ணு பொறந்தா பணம் தருவாங்கன்னு சொல்றாங்களே, அது உண்மையா? பேர் போட வேண்டாம்.

பதில்: மா, உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். ஆறாயிரத்தைப் பத்தி ஒரு பக்கம் எழுதியிருக்கீங்க, இஎஸ்ஐ பத்தி கடைசில ஒரே ஒரு வரி, அதுவும் போற போக்குல. எனக்கு அந்த ஒரு வரிலதான் நெஞ்சு அடிச்சுக்கிச்சு, அதனால உங்க கேள்வியை நீங்க கேட்ட வரிசைல எடுக்காம அதையே முதல்ல எடுக்கறேன்.

உங்க சம்பளத்துல முக்கால் சதவீதம் பிடிச்சு, கம்பெனி தன் பங்கா மூணேகால் சதவீதம் போட்டு இஎஸ்ஐக்கு, அதாவது தொழிலாளர் காப்பீட்டுக்கு, கட்டணும். சளிக்கும் காய்ச்சலுக்கும் மாத்திரை வாங்குறதுக்கு மட்டும்தான் அதுன்னு திருப்பூர்ல பாதிப் பொண்ணுங்க நினைச்சுட்டு இருக்காங்க. பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளம் தர்றதும் அதே இஎஸ்ஐதான்மா. அரைச் சம்பளம் கூட இல்ல, முழு சராசரி நாள் கூலி. 26 வாரம்னா 182 நாள், கணக்குல உங்க கூலி 400 ரூபாய்னு வச்சாக்கூட 72,800 ரூபாய் வருது. நீங்க தேடிட்டு இருக்கறது ஆறாயிரம்.

யாருக்குக் கிடைக்கும்னா, இஎஸ்ஐல ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் ஒரு காலம், அக்டோபர்ல இருந்து மார்ச் இன்னொரு காலம்னு பிரிச்சு வச்சிருக்காங்க, பிரசவத்துக்குக் கணக்குல எடுக்குற ரெண்டு காலமும் சேர்த்து 70 நாளாவது உங்க பேர்ல சந்தா வந்திருக்கணும். நீங்க மூணு வருஷம் வேலை பார்த்து ஏழாம் மாசத்துலதான் நின்னிருக்கீங்க, அந்த 70 நாள் உங்களுக்கு வந்திருக்கத்தான் அதிக வாய்ப்பு. வேலையை விட்டாச்சே, இனி எப்படிக் கேக்கறதுன்னு தயங்காதீங்க, அவங்க பாக்கறது நீங்க வேலைல இருந்தப்ப சேர்ந்த சந்தா நாளைத்தான். பிரசவத்துக்கு முன்னாடி அதிகபட்சம் எட்டு வாரம், மிச்சம் பின்னாடின்னு கணக்குப் பண்ணுவாங்க, அந்த நாள்ல நீங்க வேற எங்கயும் கூலிக்கு வேலை பார்த்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கம்பெனில பிடிச்சாங்க ஆனா கட்டினாங்களான்னு தெரியாதுன்னு நிறையப் பேர் பயப்படுவாங்க. சட்டத்துல இருக்கற வார்த்தை என்னன்னா சந்தா 'கட்ட வேண்டியிருந்த' நாள், கட்டின நாள்னு இல்ல. உங்ககிட்ட பிடிச்சுட்டு அவங்க கட்டாம விட்டிருந்தா அது அவங்க தப்பு, அதை வசூல் பண்றது இஎஸ்ஐ வேலை. அதனால சம்பள ரசீது, அட்டெண்டன்ஸ் கார்டு, பேங்க்ல சம்பளம் ஏறின பக்கம், இப்படி எது கைல இருக்கோ எல்லாத்தையும் எடுத்து ஒரு கவர்ல போட்டு வைங்க, ரசீது இல்லன்னா, உங்ககூட வேலை பார்த்த அக்காங்ககிட்ட கேளுங்க, இஎஸ்ஐ நம்பர் பத்து இலக்கம் இருக்கும், அது மட்டும் கிடைச்சாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

போக வேண்டியது இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கு இல்ல, இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்கு, இந்தக் குழப்பத்துலயே ஒரு நாள் வீணாகும் எல்லாருக்கும். நம்பரைச் சொல்லி, பிரசவ உதவிக்கு எனக்குத் தகுதி இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்கன்னு கேளுங்க, கம்ப்யூட்டர்ல பார்த்து அங்கேயே சொல்லிடுவாங்க. இருந்தா படிவம் 19 கேளுங்க. டெலிவரி ஆன ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, குழந்தை பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்புக் ஜெராக்ஸ் கொண்டு போங்க, இஎஸ்ஐ டிஸ்பென்சரி டாக்டர்கிட்ட சர்டிபிகேட் வாங்கச் சொன்னா அதையும் வாங்குங்க. ஆன்லைன்லயும் போடலாம்தான், ஆனா உங்க கேஸ்ல வேற ஊர்ல டெலிவரி, வேலையும் விட்டாச்சு, அதனால நேர்ல போறதுதான் நல்லது. பணம் சேர வேண்டிய நாள்ல இருந்து 12 மாசத்துக்குள்ள கேட்டுடணும், உங்க பாப்பாவுக்கு இப்ப அஞ்சு மாசம், நாள் இருக்கு, ஆனா தள்ளிப் போடாதீங்க மா, இந்த வாரமே போங்க.

சரி, இப்ப ஆறாயிரத்துக்கு வர்றேன்.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துல மொத்தம் 18,000, அதுல 14,000 பணம், 4,000 மதிப்புக்கு ரெண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். முன்னாடி இந்தப் பணத்தை அஞ்சு தவணையாப் பிரிச்சுக் கொடுத்துட்டு இருந்தாங்க, எது வந்துச்சு எது வரலன்னு எங்களுக்கே சில சமயம் தலை சுத்தும், 2024ல அதை மூணு தவணையாக் குறைச்சாங்க. மாசமா இருக்கும்போது நாலாம் மாசம் 6,000, குழந்தை பொறந்து நாலாம் மாசம் 6,000, ஒன்பதாம் மாசம் 2,000. அந்த நாலாம் மாசம், ஒன்பதாம் மாசம் சும்மா வைக்கல. குழந்தைக்கு ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினாலாவது வாரம்னு மூணு பென்டா ஊசி இருக்கு, மூணாவது முடியும்போது பாப்பாவுக்கு மூணரை மாசம் ஆகியிருக்கும். ஒன்பது மாசம் முடிஞ்சா தட்டம்மை ஊசி. ஊசியும் பணமும் ஒண்ணா நடக்குற மாதிரிதான் திட்டமே. ஊசி போட்டாச்சுன்னு கம்ப்யூட்டர்ல ஏறினாத்தான் பணம் நகரும், உங்க பாப்பா தொடைல போட்ட ஊசி கம்ப்யூட்டருக்குத் தானாத் தெரியாது, ஒரு நர்ஸ் உக்காந்து ஏத்தணும்.

இங்கதான் உங்க மாதிரி பொண்ணுங்க மாட்டிக்கறீங்க. பேர் பதிஞ்சது திருப்பூர்ல, டெலிவரி தர்மபுரில, ஊசியும் அங்கேயே. பொறந்த வீட்டுக்குப் போய்ப் பிள்ளை பெத்துக்கறது நம்ம ஊர் வழக்கம், அதுல தப்பே இல்ல, ஆனா நம்ம ரெக்கார்டு நம்மகூடவே அம்மா வீட்டுக்கு வரணுமே. அங்க இருக்கற நர்ஸ் தன் நோட்டுல எழுதியிருப்பாங்க, நீங்க மாசமானதும் பதிஞ்சு கொடுத்த ஆர்.சி.எச். நம்பர்ல ஏத்தாம விட்டிருக்கலாம், அவங்க மேலயும் முழுசாக் குறை சொல்ல முடியாது, ஒரு கிராம சுகாதார செவிலியர்கிட்ட அஞ்சாறு ஊரு இருக்கும், பகல்ல கிளினிக்கு, ராத்திரில டேட்டா என்ட்ரின்னு நானே அப்படித்தான் ஓடியிருக்கேன். சில இடத்துல வேற ஒண்ணும் நடக்கும், அம்மா ஊர்ல போனதும் புதுசா இன்னொரு தடவை பதிஞ்சு விட்டுடுவாங்க, ஒரே பிரசவத்துக்கு ரெண்டு நம்பர் ஆயிடும், பாதி விவரம் இதுல, மீதி விவரம் அதுல. ஒரு பிரசவத்துக்கு ஒரே நம்பர்தான் மா. 12 இலக்கம், உங்க தாய் சேய் நல அட்டைலயே எழுதியிருக்கும், டிஸ்சார்ஜ் பேப்பர்ல எழுதியிருக்கறதும் அதே நம்பர்தானான்னு இன்னைக்கே எடுத்துப் பாருங்க.

அட்டையை எடுத்துக்கிட்டு திருப்பூர்ல நீங்க முதல்ல பதிஞ்ச நர்ஸைப் போய்ப் பாருங்க. பணம் வரலன்னு மட்டும் சொன்னா வரும்மான்னு ஒரு பதில் வரும், அதோட நீங்களும் திரும்பிடுவீங்க. அப்படிக் கேக்காம, மூணாவது பென்டா ஏத்தியிருக்கா, டெலிவரி விவரம் ஏத்தியிருக்கா, ரெண்டாவது தவணை இப்ப எந்த நிலைல நிக்குதுன்னு கேளுங்க. இப்படிக் கேட்டா அவங்க திறந்து பார்த்துத்தான் ஆகணும். ஏத்தலன்னா அட்டையைக் காட்டி அங்கேயே ஏத்தச் சொல்லுங்க.

ஏத்தியாச்சு, பணமும் போயிடுச்சுன்னு சொன்னாங்கன்னா, அப்பதான் நீங்க எழுதின அந்த சிம் கார்டு விஷயம். இந்தப் பணம் ஆதாரை வச்சுத்தான் வருது. பாஸ்புக் ஜெராக்ஸ் நீங்க எதைக் கொடுத்திருந்தாலும், உங்க ஆதார் கடைசியா எந்த அக்கவுண்டோட சேர்ந்திருக்கோ அங்கதான் விழும். முதல் 6,000 பழைய அக்கவுண்ட்ல வந்துச்சு, நடுவுல கைரேகை வச்சு இன்னொரு அக்கவுண்ட் ஓப்பன் ஆச்சு, ரெண்டாவது 6,000 அதுல போய் உக்காந்திருந்தா உங்களுக்கு எப்படித் தெரியும், அதுக்குப் பாஸ்புக்கும் கிடையாது, மெசேஜ் வந்தாலும் அந்த நம்பர் யார் கைல இருக்கோ. நான் வேலைல இருந்தப்ப பணம் வரலன்னு ஆறு மாசம் அழுதுட்டு இருந்த பொண்ணுக்கு, அவங்களே மறந்து போன ஒரு அக்கவுண்ட்ல மொத்தப் பணமும் பத்திரமா இருந்ததைப் பார்த்திருக்கேன். ஆதார் வெப்சைட்ல மை ஆதார்னு இருக்கும், உள்ள போனா பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்னு ஒண்ணு வரும், ஆதார்ல கொடுத்த நம்பருக்கு ஓடிபி வரும், அதைப் போட்டா எந்த பேங்க்னு காட்டிடும். செல்லுல முடியலன்னா இ-சேவை மையத்துல பார்த்துச் சொல்லுவாங்க. வேற பேங்க் காட்டுச்சுன்னா முதல்ல அங்க பணம் இருக்கான்னு பாருங்க, அப்புறம் நீங்க எப்பவும் போற பேங்க்ல ஆதாரை இந்த அக்கவுண்ட்டுக்கே மாத்திக் கொடுங்கன்னு எழுதிக் கொடுங்க, இன்னும் 2,000 வர வேண்டியிருக்கே. ஆதார்ல அப்பா இனிஷியல், பாஸ்புக்ல வீட்டுக்காரர் இனிஷியல்னு இருந்தா அதையும் கையோட சரி பண்ணிடுங்க.

நர்ஸ்கிட்ட முடியலன்னா ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர், அங்கயும் முடியலன்னா வட்டார மருத்துவ அலுவலர், அதுக்கு மேல மாவட்ட சுகாதார அலுவலர். இல்லன்னா 1100க்கு போன் பண்ணி மனுவாப் பதியலாம், மனு நம்பர் ஒண்ணு கொடுப்பாங்க, அதை எழுதி வச்சுக்கோங்க, அந்த நம்பர் இருந்தா யாராவது ஒருத்தர் உங்களுக்குப் பதில் சொல்லியே ஆகணும். கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை குறைதீர் நாள்ல கொடுத்தாலும் சரி. கைக்குழந்தையைத் தூக்கிட்டு இவ்வளவு தூரம் அலைய வேணாம், உங்க வீட்டுக்காரரை அனுப்புங்க, இது அவர் குழந்தையோட பணமும்தான்.

ஒரு விஷயம் மறைக்காமச் சொல்லணும். முதல் பிரசவத்துக்கு நம்ம முத்துலட்சுமி ரெட்டி பணத்துல மத்திய அரசோட மாத்ரு வந்தனா பணமும் சேர்ந்து வருது, அந்த மத்திய அரசு விதில, வேற சட்டப்படி மகப்பேறு உதவி வாங்குறவங்களுக்கு இது இல்லன்னு இருக்கு. நீங்க இஎஸ்ஐ கேக்கப் போறீங்க. அதனால நர்ஸ்கிட்டயோ டாக்டர்கிட்டயோ, இந்த மாதிரி இஎஸ்ஐ விண்ணப்பம் போடறேன்னு முன்னாடியே வாயைத் திறந்து சொல்லிடுங்க, மிச்சத் தவணை உண்டா இல்லையான்னு அவங்களே சொல்லட்டும். ஒருவேளை இல்லன்னு சொன்னாலும் எந்தப் பக்கம் எடை அதிகம்னு மேல போட்ட கணக்குலயே இருக்கு. மறைச்சு வாங்கிட்டு அப்புறம் பயந்துட்டு இருக்க வேணாம்.

ரெண்டாவது பெட்டகம் பத்தி நீங்க எழுதல, ஆனா மாசமா இருக்கும்போது ஆறாம் மாசம் கொடுக்கறது, வாங்காம விட்டிருந்தா நர்ஸைப் பார்க்கும்போது ஒரு வார்த்தை கேட்டு வைங்க, நெய், பேரீச்சம்பழம், சத்துமாவு, இரும்புச்சத்து டானிக்குன்னு எல்லாம் உங்களுக்காக வச்சதுதான். அங்கன்வாடில பால் கொடுக்கற அம்மாவுக்கு ஆறு மாசம் வரை சத்துமாவு உண்டு, உங்களுக்கு இன்னும் ஒரு மாசம் மிச்சம் இருக்கு, போய் வாங்குங்க.

இப்ப உங்க மாமியார் சொன்னது. இந்தக் காசுக்கா அலையுறேன்னு கேட்டாங்கன்னு எழுதியிருந்தீங்க, அதைப் படிச்சு எனக்கு வருத்தமாத்தான் இருந்துச்சு, அவங்க மேல கோபம் வரல, அவங்க பிள்ளை பெத்த காலத்துல யாரும் அவங்களுக்கு எதுவும் கொடுத்திருக்க மாட்டாங்க, பெத்த பத்தாம் நாள் களை எடுக்கப் போயிருப்பாங்க. இந்தத் திட்டத்தை வச்சதே அதுக்குத்தான் மா, ஏழைப் பொண்ணு கூலிக்குப் போகாம வீட்ல கொஞ்ச நாள் உக்காரணும், அந்தக் கூலி போற இடத்துக்கு இந்தப் பணம் வரணும், அவ நல்லாச் சாப்பிடணும், ரத்தம் ஊறணும், எடை குறைஞ்ச குழந்தை பொறக்கக் கூடாது. 2006ல 6,000 ஆக்கினாங்க, 2011ல 12,000, 2018ல 18,000. வருஷம் போகப் போக ஏத்தித்தான் கொடுத்திருக்காங்க. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886ல புதுக்கோட்டைல பொறந்தவங்க, பொண்ணுங்க படிக்கவே போராட வேண்டியிருந்த காலத்துல 1912ல சென்னை மருத்துவக் கல்லூரில டாக்டருக்குப் படிச்சு முடிச்சவங்க, அவங்க பேர்ல வர்ற பணத்தைப் பிச்சை மாதிரி நினைக்காதீங்க. பனியன் தைச்சு இந்த ஊரை நடத்தின கை உங்களோடது.

அந்த முதல் 6,000 வண்டி டியூக்குப் போச்சுன்னு எழுதியிருந்தீங்க இல்ல, அதைப் பத்தியும் சொல்லணும். நான் சர்வீஸ்ல சேர்ந்து கொஞ்ச வருஷம், ஒரு பொண்ணுக்கு ஃபாரம் எழுதி, கையெழுத்து வாங்கி, பணம் வர வச்சு, எனக்கே ஒரு திருப்தி. அந்தப் பொண்ணே ரெண்டாவது பிரசவத்துக்கு வந்தப்ப ரத்தம் 7.2, நாக்கு வெளுத்து, படி ஏற முடியல, ரத்தம் ஏத்தித்தான் பிரசவம் பார்க்க வேண்டியதாப் போச்சு. போன தடவை பணம் வந்துச்சே என்ன பண்ணினேன்னு கேட்டேன், அப்பதான் சொல்லுச்சு, ஒரு ரூபாய் கூடத் தொடலக்கா, கடன்காரன் வந்து நின்னான் கொடுத்துட்டாங்கன்னு. மூணு வேளையும் ரசம் சோறுதான் சாப்பிட்டிருக்கு அந்தப் பிள்ளை. நான் பணம் வந்துச்சான்னு மட்டும் கேட்டிருக்கேன், சாப்பிட்டியான்னு கேட்கவே இல்ல. அதுக்கப்புறம் ரிட்டயர் ஆகற வரைக்கும் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வரச் சொல்லி, அவர் முன்னாடியேதான் பேசுவேன், இது இவ சாப்பாட்டுக் காசு, தினம் ஒரு முட்டை, கீரை, பருப்பு, வாரம் ரெண்டு நாள் மீனோ ஈரலோ, இதுக்கு வந்த காசு இதுன்னு.

உங்க வீட்டுக்காரர்கிட்ட சண்டை போடச் சொல்லல. வண்டி இல்லன்னா அவர் வேலைக்குப் போக முடியாது, அந்தக் கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா அடுத்த பணம் வந்ததும் அதுல ஒரு பங்கு உங்க சாப்பாட்டுக்கும் பாப்பாவுக்கும்னு வர்றதுக்கு முன்னாடியே பேசி முடிவு பண்ணிடுங்க, வந்த பிறகு பேசினா அது எப்பவும் கடன் பக்கம்தான் போகும். இந்தப் பதிலை அவரையும் படிக்கச் சொல்லுங்க. பால் கொடுக்கற உடம்பு உங்களோடது, ரத்தம் எவ்வளவு இருக்குன்னு ஒரு தடவை ஆரம்ப சுகாதார நிலையத்துல பார்த்துடுங்க, ஊசி போடப் போறப்பவே பார்க்கலாம், காசு கிடையாது.

பொண்ணு பொறந்தா பணம்னு கேட்டீங்க. முதலமைச்சர் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம்னு இருக்கு, சமூக நலத்துறைல. ஒரே பொண்ணோட நிறுத்திக்கிட்டா பொண்ணு பேர்ல 50,000, ரெண்டு பொண்ணுன்னா ஆளுக்கு 25,000 டெபாசிட் போடுவாங்க, 18 வயசுக்கு அப்புறம் வட்டியோட கிடைக்கும், பத்தாவது பரீட்சை எழுதியிருக்கணும். வருமான வரம்பு இருக்கு, ஆண் குழந்தை இருக்கக் கூடாது, அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணியிருக்கணும், குழந்தைக்கு மூணு வயசு முடியறதுக்குள்ள விண்ணப்பிக்கணும். உங்களுக்கு 24 வயசு, இந்த அம்பதாயிரத்துக்காக இப்பவே ஆபரேஷன் பண்ணிக்காதீங்கன்னுதான் நான் சொல்லுவேன். இன்னொரு குழந்தை வேணுமா வேண்டாமாங்கறது நீங்க ரெண்டு பேரும் நிதானமா யோசிச்சு எடுக்க வேண்டிய முடிவு, யோசிக்க நாளும் இருக்கு. ரெண்டாவதும் பொண்ணாப் பொறந்தா மாத்ரு வந்தனால 6,000 உண்டு, அது அப்போ பார்த்துக்கலாம். செல்வமகள்னு போஸ்ட் ஆபீஸ்ல சொல்றாங்களே அது அரசு கொடுக்கற பணம் இல்ல, நீங்க சேர்க்கற சேமிப்பு, வருஷம் 250 ரூபாய் போட்டாக்கூட ஓடும், கைல இருந்தாப் போடுங்க.

பிறப்புச் சான்றிதழ்ல பாப்பா பேர் ஏத்தியாச்சா? டெலிவரி ஆன ஊர்லதான் ஏத்தணும், ஒரு வருஷத்துக்குள்ளன்னா கட்டணம் இல்ல. அடுத்த தடவை அம்மா வீட்டுக்குப் போகும்போது அதை முடிச்சுடுங்க, உங்க பேர் ஆதார்ல இருக்கற மாதிரியே எழுத்து மாறாம இருக்கான்னு நின்னு பார்த்து வாங்குங்க.

இந்த வாரம் இஎஸ்ஐ கிளை அலுவலகம், அடுத்து நர்ஸ், சாயங்காலம் இ-சேவைல ஆதார் எந்த பேங்க்ல இருக்குன்னு பார்க்கறது. இஎஸ்ஐல என்ன சொன்னாங்கன்னு எனக்கு மறுபடி எழுதுங்க மா, தகுதி இல்லன்னு சொன்னா ஏன் இல்லன்னு எழுத்துல கேட்டு வாங்கி அதையும் அனுப்புங்க, என்ன பண்ணலாம்னு பார்ப்போம். பாப்பாவுக்கு ஒன்பது மாசம் முடியற தேதியை இப்பவே காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க, அன்னைக்கு தட்டம்மை ஊசி.